மூடுவதும் முளைப்பதும்: ‘கடைசி விவசாயி’ திரைப்படத்தை முன்வைத்து

அரபு மொழியில் உழவனைக் குறிக்கும் சொல் ‘ஃபல்லாஹ்’. நாளொன்றுக்கு ஐந்து முறை பாங்கொலியில் நாம் செவியுறும் ‘ஃபலாஹ்’ என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்ததேயாகும். பிளத்தல், கீறுதல் என்பது அவ்வேரின் முதற்பொருள். நிலத்தைக் கீறுபவன் ஃபல்லாஹ். தடைகளைப் பிளந்து அப்பால் சென்றடையும் பேறு ஃபலாஹ். கி.பி. 12ஆம் நூற்றாண்டில் இஷ்பீலியா நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், மண்ணையும் நீரையும் மரக்கன்றுகளையும் பற்றித் தாம் எழுதிய பெருநூலுக்கு ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்று பெயரிட்டார். உழவும் ஈடேற்றமும் ஒரே வேரில் பிறந்தவை என்பதை அரபு மொழி ஒருபோதும் மறைத்ததில்லை.

இவ்விளக்கத்தை நாம் வகுப்பறையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றோம். மாணவர்களும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றனர். ஆயினும் சொல்லின் வேரை அறிந்த நாம், அச்சொல் குறிக்கும் மனிதரை எவ்வளவு அறிந்திருக்கின்றோம் என்னும் கேள்வியை நம்முன் வைத்தது அகராதியன்று, ஒரு திரைப்படம். 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் வெளிவந்த ‘கடைசி விவசாயி’ என்பதே அது.

திரைப்படத்தைப் பற்றி இத்தகைய பக்கங்களில் எழுதுவதா என்று தயங்குவோர் நம்மிடையே உண்டு. அத்தயக்கத்தை நாம் மதிக்கின்றோம். பெரும்பாலான படங்கள் அத்தயக்கத்திற்கு நியாயம் சேர்க்கவே செய்கின்றன. எனினும் கருத்தைச் சுமந்து வரும் எந்தச் சாதனத்தையும் பகுத்தறிந்து கொள்வன கொள்வதும் தள்ளுவன தள்ளுவதும் அறிவுடையோர் கடமை என்பதால் இதனை எழுதத் துணிந்தோம்.

படமும் அதன் நிலமும்

‘காக்கா முட்டை’, ‘குற்றமே தண்டனை’, ‘ஆண்டவன் கட்டளை’ ஆகிய படங்களுக்குப் பின் மணிகண்டன் எழுதி, இயக்கி, தாமே ஒளிப்பதிவும் செய்த படம் இது. மதுரை மாவட்டத்து உசிலம்பட்டிப் பகுதியே இதன் நிலம். நிலக்கோட்டையிலிருந்து வைகையைக் கடந்து தெற்கே சென்றால் அது அதிகத் தொலைவில்லை. பேரணையில் வைகையிலிருந்து பிரியும் பெரியாறு பிரதான கால்வாயைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வர வேண்டுமெனப் பல பத்தாண்டுகள் போராடியவர்கள் அவர்கள். மண்ணின் நிறமும் பேச்சின் ஓசையும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே இப்படத்தை அயலூர்க் கதையாக நம்மால் காண இயலவில்லை.

கதை எளிது. மாயாண்டி என்னும் முதியவர், வயது எண்பதைக் கடந்தவர், செவிப்புலன் மங்கியவர், தம் சிறு நிலத்தில் தொடர்ந்து பயிரிட்டு வருகின்றார். ஊரில் மற்றையோர் பலர் நிலத்தை விற்றுவிட்டனர். சிலர் தரிசாக விட்டுவிட்டனர். ஊரின் பழைய மரம் இடி விழுந்து எரிந்துபோக, நெடுநாள் நின்றுபோயிருந்த குலதெய்வ விழாவை மீண்டும் நடத்த வேண்டுமென ஊரார் முடிவு செய்கின்றனர். அவ்விழாவிற்கு அவ்வூர் மண்ணில் புதிதாய் விளைந்த ஒரு மரக்கால் நெல் வேண்டும். கடையில் வாங்கியது ஆகாது. நெல் விளைவிக்க அறிந்தவர் மாயாண்டி ஒருவரே. அவர் விதைக்கின்றார். பயிர் வளரும் நாளில், அவர் நிலத்தில் மயில்கள் செத்துக் கிடக்கின்றன. அவர் அவற்றைப் புதைக்கின்றார். தேசியப் பறவையைக் கொன்று புதைத்தார் என வழக்குப் பதிவாகின்றது. நீதிபதி அவரது பேச்சில் உண்மையை உணர்கின்றார். எனினும் வழக்கு முறையாகப் பதிவாகிவிட்ட நிலையில் அவராலும் உடனே விடுவிக்க இயலவில்லை. முதியவர் சிறையில், பயிர் வயலில். சிறையிலிருக்கும் அவருக்குத் தம்மைப் பற்றிய கவலை இல்லை; பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டுமே என்பதே கவலை.

மாயாண்டியாக நடித்த நல்லாண்டி தொழில்முறை நடிகரல்லர். அப்பகுதியைச் சேர்ந்த முதியவர். படம் திரைக்கு வருமுன்னரே அவர் மறைந்தார். 69ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் 2023ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டபோது, சிறந்த தமிழ்ப் படமாக இது தேர்வு பெற்றது. அவருக்கும் சிறப்புப் பாராட்டு வழங்கப்பட்டது. அதைப் பெற அவர் இல்லை. அதனால் அவருக்கு இழப்பொன்றும் இல்லை என்று தோன்றுமளவுக்கு, படத்தில் அவரது முகம் புகழுக்கு அப்பாற்பட்டதாக இருக்கின்றது.

இரு வகைக் காலம்

இப்படத்தின் அமைதியைப் பலரும் பாராட்டினர். ஆனால் அமைதி என்பது இங்கு ஓர் அலங்காரம் அன்று. காலத்தைப் பற்றிய ஒரு கருத்தே அவ்வமைதியாக வெளிப்பட்டுள்ளது என்பது நமது எண்ணம்.

குறுகிய கால நெல் ரகமாயினும் விதைப்பிலிருந்து அறுவடை வரை ஏறத்தாழ 110 முதல் 120 நாள்கள் வேண்டும். நாற்றங்காலில் மூன்று, நான்கு வாரங்கள், நடவு, வேர் பிடித்தல், தூர் கட்டுதல், கதிர் வெளிவருதல், பால் பிடித்தல், முற்றுதல். இவற்றில் எதனையும் எவராலும் விரைவுபடுத்த இயலாது. எதனையும் ஒத்திப்போடவும் இயலாது. கதிர் வெளிவரும் நேரத்தில் தண்ணீர் தவறினால், பின்னர் ஊற்றும் தண்ணீரால் பயனில்லை.

இதற்கு நேரெதிரானது அலுவலகத்தின் காலம். அங்கு எல்லாவற்றையும் ஒத்திப்போடலாம். வாய்தா என்னும் சொல்லே அக்காலத்தின் இலக்கணம். ‘வஅதா’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்த சொல் அது. மூலமொழியில் அது வாக்குறுதியைக் குறிக்கும். நம் நீதிமன்றங்களில் அது வாக்குறுதியின் தள்ளிவைப்பைக் குறிக்கலாயிற்று. மாயாண்டியின் வழக்கில் எவரும் கொடியவரல்லர். காவலரும் எழுத வேண்டியதை எழுதுகின்றனர், நீதிபதியோ இரக்கமுள்ளவர், முதியவர் விடுதலையாகும் வரை பயிரைக் காவல்துறையினரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்கின்றார். ஒரு காவலர் வயலுக்கு வருகின்றார். சிரிப்பும் துயரமும் ஒருசேர எழும் காட்சி அது. தவறு தனிமனிதரிடத்தில் இல்லை. பயிரின் காலத்தை அறியாத ஓர் ஏற்பாடு, பயிரிடுபவன் மீது அதிகாரம் செலுத்துவதில்தான் இருக்கின்றது.

இதனை அப்பகுதியின் வரலாறு அறிந்தோர் காணும்போது வேறொன்றும் நினைவுக்கு வரும். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கைரேகை பதிவதை எதிர்த்த மக்கள் மீது 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்த பெருங்காமநல்லூர், உசிலம்பட்டியை ஒட்டிய ஊரேயாகும். பிறப்பினாலேயே மனிதரைக் குற்றவாளியாகக் கண்ட சட்டத்தின் நினைவு அம்மண்ணில் இன்னும் மறையவில்லை. செத்த பறவையைப் புதைத்த முதியவர் குற்றவாளியாவது, அம்மண்ணுக்கு முற்றிலும் புதிய செய்தியன்று.

மயில் 1963ஆம் ஆண்டு தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதனை முதல் அட்டவணையில் வைத்துள்ளது; அதனைக் கொல்வோருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. இத்தகைய சட்டம் தேவையே. உயிரினங்களை அநியாயமாகக் கொல்வதற்கு மறுமையிலும் கேள்வி உண்டு என நம்புகின்ற நாம் அதனைக் குறை கூற இயலாது. ஆயினும் பறவைக்கும் உழவனுக்கும் இடையே நெடுங்காலமாக இருந்து வந்த உறவை அறியாமல் பறவையை மட்டும் காக்க முனையும் சட்டம், இறுதியில் இருவரையும் இழக்க நேரும் என்பதைப் படம் உரத்துச் சொல்லாமல் உணர்த்துகின்றது.

புதைப்பவன்

இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானி தமது ‘முஃப்ரதாத்’ நூலில் ‘கஃபர’ என்னும் வினைக்கு மூடுதல் என்னும் அடிப்படைப் பொருளைத் தருகின்றார். பொருள்களை மூடுவதால் இரவுக்கும், விதையை மண்ணில் மூடுவதால் உழவனுக்கும் அப்பெயர் வழங்கியதை எடுத்துக்காட்டுகின்றார். அல்ஹதீத் அத்தியாயத்தில், மழைக்குப் பின் எழும் பயிரைக் கண்டு மகிழ்வோரைக் குறிக்க இச்சொல்லின் பன்மை வடிவம் வந்திருப்பதையும், விரிவுரையாளர் பலர் அதற்கு உழவர் என்றே பொருள் கொண்டிருப்பதையும் நம் வாசகர் அறிவர். உண்மையை மூடுபவனுக்கும் விதையை மூடுபவனுக்கும் மொழி ஒரே வினையைத் தந்தது. ஒருவன் மூடியது மறைந்துபோகின்றது. மற்றவன் மூடியது முளைத்து எழுகின்றது.

மாயாண்டி இரண்டு முறை மூடுகின்றார். விதை அவர் கையால் சேற்றில் அமிழ்கின்றது. மயில் அவர் கையால் மண்ணில் புதைகின்றது. இரு செயல்களையும் அவர் ஒரே பதற்றமின்மையோடு செய்கின்றார். செத்த உயிரை வெட்டவெளியில் விட்டுவிட்டு வர அவரால் இயலவில்லை, அவ்வளவே. உழவனின் கைக்கு மூடுவது பொறுப்பு. பதிவேட்டின் கண்ணுக்கு மூடுவது மறைப்பு. மறைத்தவன் குற்றவாளி. படத்தின் முழுப் பிணக்கும் இவ்வொரு வினையின் இரு பொருள்களுக்கு இடையே நிகழ்கின்றது என்று நாம் கருதுகின்றோம்.

அல்மாயிதா அத்தியாயத்தில் வரும் ஆதமின் இரு மைந்தர் வரலாறும் இங்கு எண்ணத்தக்கது. அங்கே கொலை செய்தவனுக்குப் புதைக்கும் அறிவில்லை. மண்ணைக் கிளறிய ஒரு காகம் அவனுக்கு ஆசானாயிற்று. மனிதன் பறவையிடம் கற்ற முதற்பாடம் அடக்கம் செய்தல். இங்கே கொலை செய்யாத ஒருவர், அப்பாடத்தைப் பறவைக்கே திருப்பிச் செலுத்துகின்றார். அதற்காகத்தான் அவர் கைதாகின்றார். இயக்குநர் இவ்வரலாற்றை எண்ணியிருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு படைப்பு உண்மையைத் தொடும்போது, அதை ஆக்கியவர் அறியாத நூல்களும் அதற்கு உரையாக வந்து நிற்கும்.

விதை

விதைக் கடைக் காட்சி ஒன்று படத்தில் உண்டு. கடையில் விற்பது, அடுத்த விதைப்புக்கு விதை தராத ரகம் என்பதை அறிந்ததும் முதியவருக்குக் கோபம் வருகின்றது. படத்தில் அவர் சினம் கொள்ளும் மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று. சிறைக்கு அனுப்பப்பட்டபோதுகூட இவ்வளவு சினம் கொள்ளாதவர், இங்கே ஏன் சினக்கின்றார்?

விதை தராத பயிர், சுழற்சியை அறுத்துவிடுகின்றது. ஆண்டுதோறும் உழவன் கடைவாசலில் நிற்க வேண்டியவனாகின்றான். யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் பஞ்சத்தை எதிர்கொள்ளக் கூறிய வழியில், அறுத்ததைக் கதிரோடே விட்டுவைக்க வேண்டும் என்பதும் அடங்கும். தானியத்தைச் சேமிக்கும் முறையாகவே பெரும்பாலும் நாம் அதனை விளக்குகின்றோம். ஆனால் கதிரோடு காக்கப்பட்ட மணி உணவுமாகும், விதையுமாகும். பஞ்சத்திற்குப் பின் மழை பெய்யும்போது விதைப்பதற்கு ஏதேனும் இருக்க வேண்டுமல்லவா? அல்வாகிஆ அத்தியாயம் விதைப்போரிடம் கேட்கும் கேள்வியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது: விதைப்பது மனிதன்; விளைவிப்பது யார்? மாயாண்டியின் சினத்திற்குள் இக்கேள்வி இருக்கின்றது. விளைவித்தல் தன்னுடைய உரிமை என்று ஒரு நிறுவனம் எண்ணத் தொடங்குமிடத்தில், எழுத்தறிவற்ற உழவரும் ஒரு வரம்பு மீறப்பட்டதை உணர்ந்துகொள்கின்றார்.

விழாவும் நாமும்

இனி, நம் வாசகர் பலர் கேட்கக் காத்திருக்கும் வினாவுக்கு வருகின்றோம். குலதெய்வ விழாவை மையமாகக் கொண்ட, முருக பக்தர் ஒருவர் மலைமேல் மறைந்துபோவதாகக் காட்டும் ஒரு படத்தை ஏகத்துவம் பேசும் நாம் எங்ஙனம் ஏற்பது?

ஏற்பது வேறு, புரிந்துகொள்வது வேறு. நம் கொள்கையில் எவ்விதத் தெளிவின்மையும் இல்லை. அதனை இங்கு விரித்துரைக்க வேண்டிய தேவையுமில்லை. ஆனால் படம் அவ்விழாவை வைத்து என்ன சொல்கின்றது என்பதைக் கவனிக்காமல் விலகிச் செல்வது நமக்கே இழப்பாகும். ஒரு சடங்குக்கு நெல் தேவைப்பட்டபோதுதான் ஊரார்க்கு உழவரின் நினைவு வருகின்றது. அதுவரை அவர் இருந்தது எவர் கண்ணிலும் படவில்லை. வழிபாட்டின் ஒரு பகுதி மண்ணிலிருந்தே வர வேண்டும் என்னும் விதி, வழிபடுவோரை மண்ணுக்கு இழுத்து வருகின்றது.

நம்மிடம் அத்தகைய விதி இல்லையா? உண்டு, அதுவும் மார்க்கக் கடமையாகவே உண்டு. விளைச்சலின் ஸகாத்தாகிய உஷ்ர், அறுவடை நாளன்றே கொடுக்க வேண்டிய உரிமையென அல்அன்ஆம் அத்தியாயம் சுட்டுகின்றது. மழையாலும் ஊற்றாலும் விளைந்ததில் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒன்று. உழைப்பின் அளவறிந்து குறைக்கப்பட்ட பங்கு அது. கமலை இறைத்த மாடுகளின் களைப்பையும் அச்சட்டம் கணக்கில் கொண்டது. ஐந்து வஸக், அதாவது 300 ஸாஉ என்பதை உச்சவரம்பின் தொடக்கமாகப் பெரும்பாலோர் கொள்வர். உமியோடு கூடிய நெல்லுக்கு ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள் அதனை இருமடங்காக்குவர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ குறைந்த அளவு என்று எதனையும் வைக்காது விளைந்த அனைத்திலும் கடமை என்பர். ஆண்டு முழுதும் தங்காத விளைபொருளில் உஷ்ர் இல்லை என்பது அவர்தம் இரு மாணவர்களின் கருத்து. அப்படியாயின் நிலக்கோட்டைச் சந்தைக்கு விடியுமுன் வந்து சேரும் மல்லிகைக்கு உஷ்ர் உண்டா? ஆசிரியரின் கூற்றுப்படி உண்டு. மாணவர்களின் கூற்றுப்படி இல்லை. எத்துணை உயிருள்ள வினா! ஆனால் அண்மை ஆண்டுகளில் இதனை நம்மிடம் கேட்டவர் எவருமில்லை. கேட்பதற்குப் பூந்தோட்டம் வைத்திருப்போர் நம்மவரில் அருகிவிட்டனர்.

இந்திய நிலம் உஷ்ர் நிலமா, கராஜ் நிலமா என அறிஞர்கள் விவாதித்தனர். அவ்விவாதம் முடிவதற்குள் நிலமே கைவிட்டுப் போய்விட்டது. அவ்வூராரின் விழாவைக் கண்டு நாம் விலகி நிற்கலாம். எனினும் புது நெல்லின்றி நிறைவேறாத ஒரு கடமை நம்மிடமும் இருந்தது என்பதையும், அது நிறைவேறாமற்போனதை நாம் கவனிக்கவே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிற படங்களின் அருகில்

மஜீத் மஜீதியின் 1999ஆம் ஆண்டுப் படத்திற்குப் பாரசீகத்தில் ‘ரங்கே குதா’, அதாவது இறைவனின் வண்ணம் என்று பெயர். பார்வையற்ற சிறுவன் கதிர்களையும் கூழாங்கற்களையும் விரல்களால் தடவி இயற்கையை எழுத்தாகப் படிக்கின்றான். படைப்பை அத்தாட்சியாகக் காணும் பார்வை அங்கே வெளிப்படையானது. அப்பாஸ் கியாரொஸ்தமியின் ‘காற்று நம்மைச் சுமந்து செல்லும்’ படமும் அதே ஆண்டில் வந்தது. அதில் நகரத்து மனிதர்கள் மலைக்கிராமம் ஒன்றிற்கு வந்து, ஒரு மூதாட்டியின் மரணத்திற்காகக் காத்திருக்கின்றனர்; காத்திருப்பவருக்கு வாழ்வைக் காணக் கண் திறக்கின்றது. மணிகண்டனின் படம் இவ்விரண்டுக்கும் உறவானது. ஆனால் இங்கே இயற்கையைப் படிப்பவர் எவருமில்லை. மாயாண்டி இயற்கையை வியப்பதில்லை. அதனோடு வேலை செய்கின்றார். வியப்பு நமக்கு, வேலை அவருக்கு. இவ்வேறுபாட்டைக் காத்ததே இயக்குநரின் பெரிய வெற்றி.

தமிழில் இதனோடு சேர்த்துக் காண வேண்டியது லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018). அதன் ரெங்கசாமி, கையளவு நிலம் வாங்க வாழ்நாளெல்லாம் மலையேறிச் சுமை தூக்குகின்றார். இறுதியில் தம் கையை விட்டுப்போன நிலத்திலேயே காற்றாலைக்குக் காவலராக அமர்கின்றார். ஒருவர் நிலத்தைக் கைவிட மறுப்பவர்; மற்றவர் நிலம் கைவராதவர். இரண்டாவது படத்தை நினைவில் கொண்டால்தான் முதலாவதின் குறை தெரியும்.

குறைகள்

‘கடைசி விவசாயி’யின் முதற்குறை அதுவே. நிலத்தை விற்றவர்களைப் படம் காட்டுகின்றது. விற்பதற்கு நிலமே இல்லாதவர்களை அது போதுமான அளவு காட்டவில்லை. உழவு என்பது நிலமுடையவரின் உழைப்பு மட்டுமன்று. நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களையெடுப்பதும் நம் வட்டாரத்தில் பெரும்பாலும் பெண்களின் கைகளால் நடப்பவை. அக்கைகளுக்குப் படத்தில் உரிய இடமில்லை. பெண்களுள் மனத்தில் நிலைப்பவர் நீதிபதி ஒருவரே. ஒற்றை முதியவரின் தனிமையை வலியுறுத்த விரும்பியதால் நேர்ந்த விடுபடல் என்று இதனைப் புரிந்துகொள்ளலாம், நியாயப்படுத்த இயலாது.

இரண்டாவது, விஜய் சேதுபதி ஏற்ற ராமையா பாத்திரம். காதலித்தவளை இழந்து மனம் பேதலித்து, பைகளைச் சுமந்து அலைந்து, உண்ணுமிடத்தில் இல்லாத அவளுக்கும் ஓர் இலை கேட்பவர். தனியே காணும்போது உருக்கமானவர். ஆனால் அவர் மலையுச்சியில் மறையும் காட்சியில், மண்ணில் காலூன்றி நடந்த படம் திடீரென மண்ணை விட்டு எழுகின்றது. நம் கொள்கை காரணமாக இதனைக் கூறவில்லை. பொறுமையாக முளைக்கும் நெல்லே போதுமான அதிசயம் என்று ஒரு மணி நேரத்திற்கும் மேலாக நம்மை நம்பவைத்த படம், வேறோர் அதிசயத்தை ஏன் தேடிப்போனது என்பதே நமது வினா. யோகி பாபுவின் பாத்திரம் நிலத்தை விற்று யானை வாங்கிய கதை இதற்கு மாறானது. நகைப்புக்குரியதாகத் தோன்றினும் அதில் உண்மை உண்டு. விளைநிலத்தைக் கொடுத்துவிட்டு, தீனி போட்டே மாளாத ஒன்றை வாங்கியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றார்கள்.

மூன்றாவது, தலைப்பு. கடைசி என்னும் சொல் ஓர் இரங்கற்பாவாகிவிடும் ஆபத்து உடையது. இரங்கியபின் எழுந்து வீட்டுக்குச் சென்றுவிடலாம் என்னும் வசதியை அது தருகின்றது. மறுமை வந்துவிட்ட வேளையிலும் கையிலிருக்கும் கன்றை நட்டுவிடச் சொல்லும் நபிமொழியை ‘அல்அதபுல் முஃப்ரத்’ நூலில் படித்தவர்களுக்குக் கடைசி என்பது கைகட்டி நிற்கும் வேளையன்று. மாயாண்டியும் தம்மைக் கடைசி ஆளாக எண்ணுவதில்லை. அடுத்த தண்ணீர் எப்போது என்றுதான் எண்ணுகின்றார். படத்தின் முடிவை இங்கு விவரிக்க விரும்பவில்லை, காணாதவர்கள் கண்டுகொள்ளட்டும்.

நம் நிலம்

பிறர் படத்தின் குறைகளைப் பட்டியலிட்ட நாம், இதுவரை எழுதத் தயங்கிய ஒன்றையும் எழுதியாக வேண்டும்.

நம் தந்தையார் மறைந்தபோது அவர் விட்டுச் சென்ற நிலம் 2 ஏக்கர் 56 சென்ட், ஒரு கிணறு. கண்மாய் நிறைந்த ஆண்டுகளில் நெல். மற்ற ஆண்டுகளில் மல்லிகை. வாரிசுகள் தாயாரும் ஆண்மக்கள் மூவரும் பெண்மக்கள் இருவரும். ஃபராயிள் கற்பிப்பவராதலால் பங்கு பிரிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. 64 பங்குகளாக்கினால் தாயாருக்கு 8, ஆண்மக்களுக்குத் தலைக்கு 14, பெண்மக்களுக்குத் தலைக்கு 7. ஒரு பங்கு சரியாக 4 சென்ட். தாயாருக்கு 32 சென்ட், சகோதரர்க்குத் தலைக்கு 56, சகோதரியர்க்குத் தலைக்கு 28. பின்னம் எதுவும் மிஞ்சவில்லை. இவ்வளவு துப்புரவாக வகுபட்ட கணக்கை நாம் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அதனைப் பல ஆண்டுகள் வகுப்பில் பயிற்சிக் கணக்காகவும் கொடுத்து வந்தோம். யாருடைய நிலம் என்று சொன்னதில்லை.

கணக்கில் வகுபடாதது கிணறு ஒன்றுதான். பிரிக்க இயலாத பொருளைக் கூட்டுடைமையாக வைத்துக்கொள்ள ஃபிக்ஹில் வழியுண்டு; நிலத்தைப் பிறர் உழைப்புக்கு விட்டு விளைச்சலைப் பகிரும் முஸாரஆவுக்கும் வழியுண்டு. எனவே குறை ஷரீஅத்தின் பங்கீட்டில் இல்லை. வழிகளை அறிந்திருந்தும் அவற்றை நாடாதவர்கள் நாம். தரகர் வந்தார், விலை சொன்னார், ஐவரும் தாயாரும் கையொப்பமிட்டோம். அந்நிலத்தைப் பல ஆண்டுகள் நம் தந்தையாரோடு பார்த்துவந்த பெரியவர் ஒருவர், முறைவைத்து அவரை ‘மாமா’ என்றே அழைப்பவர், பத்திரப்பதிவன்று அலுவலக வாசலில் நின்றிருந்தார். நம்மிடம் அவர் கேட்டது ஒன்றே: “இந்தப் போகத்தை மட்டும் அறுத்துக்கிறலாமா மாப்ள?” பயிர் அப்போது பால் பிடித்திருந்தது. வாங்கியவர் இசையவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை.

திரையில், சிறையிலிருந்தபடி மாயாண்டி பயிரைப் பற்றிப் பேசியபோது நம் காதில் விழுந்தது அப்பெரியவரின் குரல். அவர் இன்று இல்லை. அந்நிலத்தில் இன்று மனைக்கற்கள் நிற்கின்றன. கிணறு மண்ணிட்டு மூடப்பட்டுவிட்டது. மூடுதல் என்னும் வினைக்கு அகராதியில் இல்லாத மூன்றாம் பொருளும் உண்டென்பதை நாம் இவ்வாறு அறிந்தோம். இம்மூடுதலில் எதுவும் முளைப்பதில்லை.

ஒரு விமர்சனக் கட்டுரை பரிந்துரையோடு முடிவது வழக்கம். இப்படத்தைக் குடும்பத்தோடு காணலாம், ஆபாசமில்லை, வன்முறையில்லை, மேலே கூறிய கொள்கை வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். அதனினும் முதன்மையான பரிந்துரை வேறு. நம் ஜமாஅத்களில் எஞ்சியிருக்கும் விளைநிலங்கள் எவை, அவற்றில் உழைப்பவர் யார், உஷ்ர் கொடுக்கப்படுகின்றதா, வாரிசுகள் பங்கு பிரித்தபின் கூட்டாகப் பயிரிட ஏதேனும் ஏற்பாடு செய்ய முடியுமா என்பவற்றை ஊர்ப் பெரியவர்களும் உலமாக்களும் அமர்ந்து பேச வேண்டும். இரங்குவதற்கு இன்னும் காலம் வரவில்லை.

நம் தந்தையார் களத்தில் உஷ்ர் அளந்த இரும்பு மரக்கால் இன்றும் நம் வீட்டுப் பரணில் இருக்கின்றது. படத்தைக் கண்ட பின்னர், உஷ்ர் பாடம் நடத்த வேண்டிய நாளன்று அதனைத் துடைத்து வகுப்புக்கு எடுத்துச் சென்றோம். இது என்னவென்று கேட்டோம். முப்பத்திரண்டு மாணவர்களில் இருவர் மட்டுமே அதன் பெயரைச் சொன்னார்கள். ஸாஉக்கும் முத்துக்கும் அளவு மனனமாகச் சொன்ன பிள்ளைகள் அவர்கள். அன்று கிதாபைத் திறக்குமுன் மரக்காலைக் கைமாற்றி அனுப்பினோம். கடைசி வரிசை வரை சென்று அது திரும்பி வருவதற்குச் சற்று நேரமாயிற்று. பிறகு பாடத்தைத் தொடங்கினோம்.